எழும்பூர் கிர்க் ஆலயத்தின் பைப் ஆர்கன்

சென்னை எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா ஆலயம் 'கிர்க்' என்ற பெயரில் அறியப்படுவது. ஆலயத்தைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல் அது. உள்ளே நுழைந்ததும் ஆல்டர் பகுதியில் முதலில் கண்ணில் படுவது மங்கிய பச்சையும் வெளிறிய பொன்னிறமும் கொண்ட பைப் ஆர்கன். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சேர்ந்த பீட்டர் கொனாக்கர் நிறுவனம் 1883இல் இதைச் செய்தது. ஆலயம் திறக்கப்பட்டது 1821இல். கட்டடத்துக்கும் கருவிக்கும் இடையே 62 ஆண்டுகள் இடைவெளி உள்ளது. பணம் இல்லாததால் வந்த தாமதம் என்று இதைக் கொள்ள முடியாது. ஆலயம் கட்டப்பட்ட காலத்தில் அதன் தாய்ச்சபையான ஸ்காட்லாந்து திருச்சபை வழிபாட்டில் எந்த இசைக்கருவியையும் ஏற்கவில்லை.

ஆலயம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1813இல் புதுப்பிக்கப்பட்டபோது, ஒவ்வொரு மாகாணத் தலைநகரிலும் ஸ்காட்லாந்து திருச்சபைக்கென ஒரு குரு இருக்கலாம் என்ற ஏற்பாடு உருவானது. கம்பெனியின் படையிலும் வணிகத்திலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய இருந்தார்கள். அதுவரை அவர்களுக்குச் சென்னையில் சொந்த ஆலயம் கிடையாது. 1818 ஏப்ரல் 6 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 1821 பிப்ரவரி 25 அன்று முதல் ஆராதனை நடந்தது. லண்டனின் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் ஆலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட கட்டடம் இது. கட்டி எழுப்பியவர் ராணுவப் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட். நெகிழ்ந்த மண்ணில் கிணறு கிணறாக இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்.

லண்டன் ஆலயம் நீள்சதுரமானது. எழும்பூர்க் கட்டடத்தின் நடுக்கூடம் வட்டம். 16 தூண்கள் நீல நிறக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. பிரஸ்பிட்டேரியன் வழிபாட்டில் நடுநாயகமானது பிரசங்கம். எல்லோரும் பிரசங்கியாரைப் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் அவர் குரல் கேட்க வேண்டும். வட்டக்கூடம் அதற்குப் பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். பாட்டுக்கு அது அவ்வளவு எளிய இடம் அல்ல. குவிமாடத்தில் மோதித் திரும்பும் ஒலியும் நேராக வரும் ஒலியும் கலக்கும்போது, பாடுபவர்களுக்கு அடுத்த வரியை எப்போது எடுப்பது என்ற தயக்கம் வரும்.

சீழ்க்கைப் பெட்டி

ஸ்காட்லாந்தில் 1560இல் சீர்திருத்தம் நடந்தபின் ஆலயங்களிலிருந்து ஆர்கன்கள் அகற்றப்பட்டன. இந்த எண்ணம் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. சூரிக் நகரில் ஸ்விங்கிலி 1520களிலேயே ஆர்கனை நிறுத்தினார். அவரே நல்ல இசைப் பயிற்சி உள்ளவர் என்பது வேடிக்கை. ஜெனீவாவில் கால்வின் சபையாரைச் சங்கீதங்களை மட்டும், ஒரே குரலில், கருவி இல்லாமல் பாடவைத்தார். அவர்கள் வாதம் எளிமையானது. பழைய எருசலேம் ஆலயத்தில் யாழும் கைத்தாளமும் இருந்தன. ஆனால் அது பலிகளின் காலம். புதிய ஏற்பாட்டின் சபைக்கு மனிதக் குரல் போதும். கருவி வந்தால் மனம் இசையில் போகும், சொல்லில் நிற்காது. மேலும், ஆர்கனுக்கு ரோமின் வாசனை இருந்தது.

அதனால் ஸ்காட்லாந்து ஆலயங்களில் கருவியின் இடத்தில் ஒரு மனிதர் நின்றார். அவர் பாட்டெடுத்துக் கொடுப்பவர். சங்கீதத்தின் ஒரு வரியை அவர் சொல்லுவார், அல்லது பாடுவார். சபை அதைத் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த வரி. எழுத்தறியாதவர்கள் நிறைந்த சபைக்கு இது ஏற்ற முறை. நம் ஊர் பஜனை மடத்தில் முன்பாட்டுக்காரர் எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் தாளத்தைப் பிடித்து வைக்கக் கருவி எதுவும் இல்லாததால் பாட்டு இழுபட்டது. தெரிந்த மெட்டுகளின் எண்ணிக்கையும் சுருங்கிப் போனது. பல சபைகள் ஒரு டஜன் மெட்டுகளை வைத்துக்கொண்டே காலம் தள்ளின.

ஆர்கனுக்கு ஸ்காட்லாந்து மக்கள் வைத்த கேலிப் பெயரைத் தமிழில் 'சீழ்க்கைப் பெட்டி' என்று சொல்லலாம். 1807இல் கிளாஸ்கோவின் புனித அந்திரேயா ஆலயத்தில் வில்லியம் ரிச்சி என்ற போதகர் ஆராதனையில் ஆர்கனை வாசிக்கச் செய்தார். அவ்வாண்டிலேயே அங்குள்ள மூப்பர் மன்றம் அது சபைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. எழும்பூர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது இந்தத் தீர்ப்புக்கு வயது 11.

மாற்றம் எடின்பரோவில் வந்தது. ஓல்டு கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தின் ராபர்ட் லீ 1863இல் ஒரு ஹார்மோனியத்தைக் கொண்டுவந்தார். 1865இல் பைப் ஆர்கனையே நிறுவினார். பெரும் சர்ச்சைக்குப் பின், பொதுப்பேரவை இதை அந்தந்த மூப்பர் மன்றங்களின் பொறுப்பில் விட்டது. 1843இல் தாய்ச்சபையிலிருந்து பிரிந்து போயிருந்த ஃப்ரீ சர்ச் இன்னும் கண்டிப்பானது. அது இசைக்கருவிகளுக்கு அனுமதி கொடுத்த ஆண்டு 1883. சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தவர்கள் அந்த ஃப்ரீ சர்ச்சின் மிஷனரிகள். எழும்பூர் கிர்க்கோ தாய்ச்சபையோடு நின்றது. ஆக, ஹடர்ஸ்ஃபீல்டில் இந்தக் கருவி உருவான அதே ஆண்டில்தான் ஸ்காட்லாந்தின் கடைசிப் பெரிய தடைகளில் ஒன்று விழுந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் அல்ல. ஆனால் இந்த ஆர்கன் எந்தக் காலத்தின் பிள்ளை என்பதை இந்த ஆண்டு காட்டுகிறது. அதன் முன் அமர்ந்த முதியவர்களில் சிலராவது, இளமையில் இதைத் தவறு என்று கேட்டு வளர்ந்தவர்களாக இருந்திருப்பார்கள்.

கருவி

பைப் ஆர்கன் அடிப்படையில் காற்றுக்கருவி. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியஸ் என்பவர் நீரின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைச் சீராக்கி, குழல்களை ஒலிக்கச் செய்தார். அது ஆலயக் கருவி அல்ல. ரோமானியர்களின் விளையாட்டரங்குகளில் ஒலித்தது. 757இல் பைசாந்தியப் பேரரசர் பிராங்க் அரசர் பிப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் அது ஆலயத்துக்குள் நுழைந்தது அதற்குப் பிறகுதான்.

துருத்தி காற்றை ஒரு தேக்கத்தில் சேர்க்கிறது. தேக்கத்தின் மேல் உள்ள எடை அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கிறது. அங்கிருந்து காற்று, குழாய்கள் நிற்கும் பெட்டிக்குப் போகிறது. கட்டையை அழுத்தினால் குழாயின் அடியில் உள்ள மூடி திறக்கும். எந்த வரிசைக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்பதை 'ஸ்டாப்' எனப்படும் குமிழ்களை இழுத்து வாசிப்பவர் முடிவுசெய்வார். குழாயின் நீளம் இரட்டிப்பானால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழிறங்கும். ஆகவே ஆர்கன்காரர்கள் ஒலியை அடிக்கணக்கில் பேசுவார்கள். 8 அடி என்பது மனிதக் குரலோடு ஒத்துப்போகும் வரிசை. 4 அடி அதற்கு மேல் ஸ்தாயி. 16 அடி அதற்குக் கீழ்; தரையிலும் பெஞ்சிலும் உணரப்படுவது. சில குழாய்கள் புல்லாங்குழல்போல விளிம்பில் காற்று மோதி ஒலிப்பவை. வேறு சிலவற்றில் அதிரும் பித்தளை நாக்கு உண்டு. நாகசுரத்தின் சீவாளியோடு தூரத்து உறவு அது.

கை இரண்டும் கட்டைகளில் இருக்க, கால்கள் கீழே மிதிகட்டைகளில் ஓடும். சாமளாபுரம், சோமனூர், பல்லடம் பக்கம் தறியோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. கைத்தறியில் மிதியை அழுத்தினால் கயிறு வழியே விழுது எழுந்து இழை பிரிகிறது. பழைய ஆர்கனில் கட்டையை அழுத்தினால் மெல்லிய மரச்சட்டங்கள் ஒன்றையொன்று இழுத்து, பல அடி தூரத்தில் உள்ள மூடியைத் திறக்கின்றன. காற்று ஒரே அழுத்தத்தில் இல்லாவிட்டால் ஏர்ஜெட் தறியில் ஊடை போய்ச் சேராது. ஆர்கனில் ஸ்வரம் தள்ளாடும். இது வெறும் ஒப்புமை மட்டும் அல்ல. ஜக்கார்டு தறியின் துளையிட்ட அட்டைகளைப் பார்த்து, 1890களில் பிரான்சின் காவியோலி நிறுவனம் திருவிழா ஆர்கன்களை அட்டையால் தானே வாசிக்கவைத்தது. எழும்பூர் ஆர்கன் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டும் நெசவு நகரம்தான். கம்பளித் துணிக்குப் பெயர்போனது. 1836இல் அங்கே தொடங்கிய பாடகர் சங்கம் இன்றும் உண்டு.

கொங்குப் பகுதிக்கும் குழல் ஆர்கனுக்கும் வேறொரு பழைய தொடர்பு இருக்கிறது. 1799 வரை கோயம்புத்தூர்ச் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் தலைவர் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்புலியின் வயிற்றுக்குள் 18 கட்டைகள் கொண்ட சிறிய ஆர்கன் உண்டு. ஐரோப்பியரைக் கடித்துக் குதறும் அந்தப் புலி இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலயத்துக்கு உரியது என்று நாம் நினைக்கும் கருவிக்கு இப்படியும் ஒரு வேலை இருந்திருக்கிறது.

ஆராதனையில் அதன் வேலை

ஆர்கன் என்றதும் பாக்கின் கச்சேரிப் படைப்புகளை நினைப்பவர்கள் உண்டு. ஞாயிறு ஆராதனையில் அதன் முதன்மையான வேலை அதுவல்ல. நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் மூச்செடுக்கவைப்பதுதான் அதன் வேலை.

ஆராதனை தொடங்கும் முன் மெல்லிய வாசிப்பு இருக்கும். பேச்சு அடங்கி மக்கள் அமர்வதற்கான நேரம் அது. பாட்டு எண் அறிவிக்கப்பட்டதும், மெட்டின் முதல் வரியையோ முழு மெட்டையோ ஆர்கன் ஒருமுறை வாசித்துக் காட்டும். சபை எழும். சுருதி, வேகம், எங்கே தொடங்குவது ஆகிய மூன்றும் அந்தச் சில நொடிகளில் சொல்லப்பட்டுவிடும். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் வாசிப்பவர் கையை எடுக்கிறார். அந்த இடைவெளி சபை மூச்சு வாங்குவதற்கு. அனுபவமுள்ளவர் தானும் உள்ளுக்குள் பாடிக்கொண்டேதான் வாசிப்பார். இல்லாவிட்டால் இடைவெளியின் அளவு தெரியாது. சொல்லின் பொருளைப் பார்த்து ஸ்டாப்களை மாற்றுவார். மரணத்தைப் பேசும் சரணத்தில் ஒரே ஒரு மென்மையான வரிசை. கடைசிச் சரணத்தில் பெரும்பாலானவை. காணிக்கை எடுக்கும்போதும், நற்கருணையின்போதும், திருமணத்தில் மணப்பெண் நடந்து வரும்போதும், அடக்க ஆராதனையிலும் சொல் இல்லாத இடங்களை நிரப்புவது அதே கருவி.

வட்டமான கிர்க்கில் இந்த வேலை கூடுதல் கடினம். ஒலி ஒரே இடத்திலிருந்து உறுதியாக வந்தால்தான் சுற்றிலும் உள்ளவர்கள் ஒன்றுபடுவார்கள். முன்பு பாட்டெடுத்துக் கொடுத்த ஒரு தொண்டையால் முடியாததை, குழாய்களின் வரிசை செய்தது. இழப்பும் உண்டு. பாட்டெடுத்துக் கொடுப்பவர் சபையில் ஒருவர். அவருக்குத் தொண்டை கட்டினால் இன்னொருவர் எழுந்து எடுப்பார். ஆர்கனுக்கு அப்படி ஆள் மாற்ற முடியாது. அதை வாசிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். மின்விசிறித் துருத்தி வருவதற்கு முன் எந்த ஆர்கனுக்கும், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று துருத்தி அடிக்க ஒரு தொழிலாளியும் வேண்டும். ஆராதனை நடந்ததில் அவருடைய தோளுக்குப் பாதிப் பங்கு. ஆர்கனைப் பற்றி எழுதியவர்கள் அவரைப் பொதுவாக மறந்துவிடுவார்கள்.

தமிழ்ப் பாட்டும் ஆர்கனும்

கிர்க் ஆங்கிலம் பேசுவோரின் ஆலயமாகத் தொடங்கியது. தமிழ்ச் சபைகளின் பாடல் வரலாறு வேறு வழியில் போனது. ஆனால் ஸ்காட்லாந்தைப் பிளந்த அதே கேள்வி இங்கேயும் எழுந்தது. ஆலயத்தில் எந்த ஒலிக்கு இடம்?

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஷ்வார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் உருவான புலவர். அவர் பாடல்கள் கர்நாடக இராகங்களில் அமைந்தவை. ஷ்வார்ட்ஸுக்குப் பின் வந்த புதிய மிஷனரிகள் ஆலய ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளை விலக்க முயன்றனர். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். புதிய வேதாகம மொழிபெயர்ப்பு, சாதி வரிசை கலைப்பு, பூக்களுக்குத் தடை, கீர்த்தனைக்குத் தடை ஆகிய நான்கையும் அவர் கொடுமைகள் என்றே எழுதினார். சாதி வரிசை குறித்த அவர் நிலைப்பாட்டை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். பாட்டைப் பொறுத்தவரை காலம் அவர் பக்கம் நின்றது. அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியாரின் பாடல்களுக்கு அதில் பெரும் இடம் இருந்தது. அன்றிலிருந்து தமிழ்ச் சபைகளின் கையில் இரண்டு வகைப் பாட்டு இருக்கிறது. ஐரோப்பிய மெட்டில் மொழிபெயர்க்கப்பட்டவை பாமாலை அல்லது ஞானப்பாட்டு. இராக தாளத்தில் பிறந்தவை கீர்த்தனை.

பாமாலைக்கு ஆர்கன் பொருந்தும். மெட்டு அதற்காகவே பிறந்தது. சிக்கல் சொல்லில் இருக்கிறது. ஐரோப்பிய மெட்டு அசையழுத்தத்தைப் பார்த்து அமைந்தது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். 'பலம்' என்ற சொல்லின் முதல் எழுத்து நீண்ட ஸ்வரத்தில் விழுந்தால் காதில் 'பாலம்' ஆகிவிடும். 'மனம்' 'மானம்' ஆகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் முதல் பலரும் இதோடு மல்லுக்கட்டினார்கள்.

கீர்த்தனையில் சிக்கல் கருவியில் இருக்கிறது. ஆர்கனின் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரே ஸ்வரம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே அது வழுக்காது, அசையாது. கமகம் இல்லாமல் தோடியோ பைரவியோ எழும்பாது. பெரிய ஆர்கனில் கீர்த்தனையை வாசித்தால் மெட்டின் எலும்புக்கூடு கிடைக்கும். அதற்கு மேல் ஐரோப்பிய ஒத்திசைவைச் சேர்த்தால் இராகம் காணாமல் போகும். நேர்மாறாக, ஆர்கனிடம் இருக்கும் ஒன்று தமிழ் இசைக்கு மிக நெருக்கமானது. விடாமல் நீளும் சுருதி. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதைப்போல ஒரு மிதிகட்டையை அழுத்தி வைத்துக்கொண்டு, மேலே குரலை மட்டும் பாடவிட்டால் கீர்த்தனை மூச்சுவிடும். பல ஆர்கனிஸ்டுகள் அளவுக்கு மீறி வாசிப்பதால் இந்த எளிய வழி வீணாகிறது என்பது என் எண்ணம்.

பெரும்பாலான தமிழ்ச் சபைகளுக்குப் பைப் ஆர்கன் எட்டாத பொருள். அதன் சிறிய உறவுக்காரரான ஹார்மோனியம்தான் வந்து சேர்ந்தது. பாரிஸில் அலெக்சாந்தர் தெபென் 1842இல் காப்புரிமை பெற்ற கருவி அது. குழாய் இல்லை, அதிரும் பித்தளை நாக்குகள் மட்டும். காலால் மிதிக்கும் வகை ஆலயத்துக்கும் நாடகக் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் பொதுவாக இருந்தது. கோயம்புத்தூரில் 1830இல் பணி தொடங்கிய லண்டன் மிஷனின் ஆலயங்கள் எளிமையான வழிபாட்டு மரபைச் சேர்ந்தவை. அந்த மிஷனைச் சேர்ந்தவரும் ஈரோட்டில் பணியாற்றியவருமான எச். ஏ. பாப்ளி கர்நாடக இசையைக் கற்றவர். 1921இல் இந்திய இசையைப் பற்றி நூல் எழுதினார். கிறிஸ்தவக் கதாகாலட்சேபத்தை வளர்த்தார். ஆர்கன் வாங்க நிதி திரட்டுவதைவிட, கேட்பவரின் காதுக்குப் பழக்கமான இசையில் பாடுவதே மேல் என்ற போக்குக்கு அவர் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு. ஹார்மோனியத்தின் மீதும் இதே குறை சொல்லப்பட்டது. கமகம் வராது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. ஆலயங்கள் அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பைப் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பு உண்டு என்று சொல்லி, அதே மூச்சில் அந்தந்த நாட்டின் கருவிகளையும் அனுமதித்தது. தமிழகத்தில் இரண்டாவது பாதிதான் விரைவாக நடைமுறைக்கு வந்தது.

வாசித்தவர்களும் பராமரிப்பும்

சென்னையில் மேற்கத்திய இசைக்கென ஒரு சிறிய உலகம் இருந்தது. 1842இல் மிஸ்குவித் நிறுவனமாகத் தொடங்கிய மியூசி மியூசிக்கல், அண்ணா சாலையில் இசைக்கருவிகளை விற்றது. 1893இல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் உருவானது. இந்த உலகத்தின் நடுவில் கிர்க்கின் ஆர்கன் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதனோடு சேர்த்து நினைக்கப்படும் பெயர் ஹேண்டல் மானுவேல். கிர்க்கின் ஆர்கனிஸ்டாகவும் பாடகர் குழுத் தலைவராகவும் இருந்தவர், அசோசியேஷனின் பாடகர் குழுவையும் நடத்தியவர், அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவில் பணியாற்றியவர். ஒரு தமிழர் ஸ்காட்லாந்து ஆலயத்தின் ஆர்கன் முன் அமர்ந்து நகரின் பாடகர்களை வளர்த்தார் என்பது, 1821இல் ஆலயத்தைக் கட்டியவர்களுக்கு இரண்டு விதத்தில் வியப்பாக இருந்திருக்கும். கிர்க் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது.

கடலோர நகரம் ஆர்கனுக்கு நல்ல இடம் அல்ல. ஈரத்தில் மரம் ஊதி, கோடையில் சுருங்கும். மூடிகளிலும் துருத்தியிலும் உள்ள தோல் வெடிக்கும். கரையானும் எலியும் விடாது. வெயில் ஏறினால் விளிம்புக் குழாய்களின் சுருதி உயரும். நாக்குக் குழாய்கள் அதே அளவில் உயராது. காலை ஆராதனையில் ஒத்துப்போன இரண்டு வரிசைகள் பிற்பகல் திருமணத்தில் சண்டையிடும். வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் ஆர்கன்களில் பசையை மட்டும் நம்பாமல் திருகாணிகளையும் போடுவது ஆங்கிலேயக் கைவினைஞர்களின் வழக்கம்.

சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். மற்றவர் கருவியின் உள்ளே, குழாய்களுக்கு இடையில் உள்ள குறுகிய பலகை மேல் நின்று, உச்சியில் நீளத்தை மயிரிழை அளவு கூட்டியோ குறைத்தோ இரண்டு ஒலிகளுக்கிடையே உள்ள அலைவு நிற்கும்வரை கேட்பார். நின்றதும் உள்ளிருந்து 'அடுத்தது' என்று குரல் வரும். வெளியே இருப்பவர் விரலை ஒரு கட்டை நகர்த்துவார்.